வளர்ப்புத் தாரா கடிப்பது ஏன்?

முட்டையிலிருந்து வெளிவந்து இரண்டு நாளே ஆன வாத்துக்குஞ்சு ஒன்று வீட்டுக்கு வருகின்றது. நூல்கள் வாத்து என்று கூறும் பறவையை இலங்கைத் தமிழூர்களிலே தாரா என்பர். வீட்டுச் சிறுமி அதனைக் கடகத்தில் வைத்துத் தவிடு குழைத்து ஊட்டுகின்றாள். அவள் நடந்தால் அதுவும் நடக்கின்றது; அவள் அமர்ந்தால் மடியில் உறங்குகின்றது. ஐந்து மாதங்கள் கழிகின்றன. ஒருநாட் காலை அதே பறவை கழுத்தைத் தாழ நீட்டிக்கொண்டு ஓடிவந்து, அவளுடைய கெண்டைக்காலைக் கவ்வி முறுக்குகின்றது. அன்று மாலையே வீட்டில் வழக்குத் தொடங்கிவிடும். அடித்துத் திருத்தலாம் என்பார் ஒருவர். கறிக்கு ஆகும் என்பார் மற்றொருவர். சிறுமி அழுதுகொண்டே இரண்டையும் மறுப்பாள். தீர்ப்புக் கூறுமுன் பறவையின் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் முறையன்றோ?

தாராவுக்குக் கையில்லை, அலகே அதற்குக் கை. அலகின் நுனியிலே தொடுவுணர்ச்சி தரும் நரம்பு முனைகள் செறிந்துள்ளமையால், சேற்றினுள் மறைந்து கிடக்கும் புழுவையும் தானியமணியையும் அது தடவியே அறிந்துகொள்கின்றது. ஆகவே, குஞ்சானது விரலையும் சட்டைப் பொத்தானையும் மெல்லக் கொறிப்பது பகைமையன்று. அஃது ஒருவகை ஆராய்ச்சி. அலகோரங்களிற் சீப்புப்போல் அமைந்துள்ளவை பற்களல்ல. நீரை வடித்து இரையை நிறுத்தும் தகடுகளே அவை. எனவே தாராவின் கடி தோலைக் கன்றச் செய்யுமேயன்றி ஆழ்ந்த புண்ணை உண்டாக்குதல் அரிது. ஆயினும் குஞ்சின் கொறிப்பைக் கண்டு மகிழ்ந்து, விரல்நுனியிற் சோறு வைத்து ஊட்டி வளர்ப்போர், விரலும் உணவும் ஒன்றே என்னும் பாடத்தைத் தாமே கற்பித்துவிடுகின்றனர்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. பிறந்த முதல் ஓரிரு நாளில் எது தன் முன்னே அசைந்து குரல் கொடுக்கின்றதோ, அதனையே தாராக்குஞ்சு தாயென மனத்திற் பதித்துக்கொள்ளும். 1973 இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான ஒஸ்திரியா நாட்டறிஞர் கொன்ராட் லோரன்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்தவர். காட்டுத் தாராக்குஞ்சுகள் தம்மைப் பின்தொடர வேண்டுமென்பதற்காக, அவர் புல்வெளியிலே குந்தியவாறு நகர்ந்து இடைவிடாது தாராவைப் போலக் கத்தினார். குஞ்சுகளை உயர்ந்த புல் மறைத்திருந்தது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் கண்டதெல்லாம் தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர் குந்திக் கத்துவதை மட்டுமே!

இப்பதிவு தாயை அறிவதோடு நிற்பதன்று. வேற்றினப் பறவைகளோடு வளர்க்கப்பட்ட ஆண் தாராக்களிற் பல, பருவமடைந்தபின் அவ்வேற்றினத்தையே துணையாக நாடின என்பதைப் பிரீட்ரிச் ஷூட்ஸ் என்னும் ஆய்வாளர் 1965 இல் எடுத்துக் காட்டினார். மனிதரிடையே தனியே வளர்ந்த ஆண் தாராவின் நிலையும் இதுவே. நான்கைந்து மாதத்திற் பருவம் வரும்பொழுது, துணையும் போட்டியாளரும் அதற்கு மனித உருவிலேயே தோன்றுகின்றனர். ஆண் தாரா பெட்டையின் பிடரியைக் கவ்வும்; மற்றோர் ஆணைக் கவ்வி நெஞ்சால் மோதி விரட்டும். சிறுமியின் காலுக்கு நேர்ந்ததும் அதுவே. நன்றி மறந்த செயலன்று. குரல் கம்மி, வாலின்மேல் இறகு சுருண்டிருப்பது ஆண். உரத்துக் கத்துவது பெட்டை. மஸ்கோவி இனத்து ஆணுக்கு மட்டும் அச்சுருள் இல்லை.

அடியினால் இதனைத் திருத்த இயலாது. ஓங்கிய கையைப் பறவை போருக்கு அழைப்பாகக் கொள்ளும். அன்றேல் கையைக் கண்டாலே அஞ்சும். அஞ்சிய பறவையும் கடிக்கவே செய்யும். ஓடுதலும் தவறு; ஓடியவர் தோற்றவர் என்பது அதன் கணக்கு. அது பாய்ந்து வரும்பொழுது பெரியவர் ஒருவர் அசையாது நின்று, இரு கைகளாலும் சிறகுகளை உடலோடு சேர்த்துப் பிடித்து, அது திமிறல் அடங்கும்வரை பேசாது வைத்திருந்து, பின் கீழே விடவேண்டும். மீண்டும் வந்தால் மீண்டும் அவ்வாறே. கழுத்திலோ காலிலோ பிடித்துத் தூக்கலாகாது. பல நாட்கள் சலியாது செய்தாலன்றிப் பயன் தெரியாது. தந்தை இவ்வாறு அடக்க, தமையன் காலை ஆட்டிச் சீண்டிக்கொண்டிருந்தால் ஒருகாலும் தெரியாது. உணவு இனிக் கையிலன்று, தட்டத்திலே. அருகில் நீரும் இருத்தல் வேண்டும். சிறு குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்திற் பறவையைத் தூக்கிக் காட்டுவது ஆபத்து. பறவையைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும் அவசியம்; நோயற்றதாகத் தோன்றும் தாராவிடமிருந்தும் சல்மொனெல்லாக் கிருமி பரவக்கூடும். அலகை நறுக்கிவிடலாம் என்பாரும் உளர். விரல்நுனியை நறுக்குவதற்கு ஒப்பான கொடுமை அது.

உண்மையான மருந்து தன்னினத் துணையே. ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெட்டைகள் இருத்தல் நன்று. ஒன்றே இருப்பின் ஓயாத கவ்வுதலால் அதன் பிடரி புண்ணாகிவிடும். தனியே வளர்ந்த ஆண் அவற்றை உடனே ஏற்காது போகலாம். ஆதலால் முதலிற் சில நாட்கள் இடையே வலை கட்டி, ஒன்றையொன்று பார்க்கவும் கேட்கவும் விட்டு, அதன்பின் கலத்தல் வேண்டும். குஞ்சு வாங்கும்பொழுதே இரண்டு மூன்றாக வாங்குவோருக்கு இத்தொல்லை பெரிதும் குறையும்.

சாதுவாயிருந்த பறவை திடீரெனக் கடிக்கத் தொடங்கினால், முதலில் அதன் உடலை நோக்குக. பாதத்திற் புண் இருக்கலாம். இறகுதிர்ந்து புதிது முளைக்குங் காலமாயின், குருத்திறகிற் கைபட்டாலே அதற்கு நோகும். அடைகாக்கும் பெட்டையும் சீறிக் கடிக்கும். சாதாரண தாரா 28 நாட்கள் வரையும், மஸ்கோவி 35 நாட்கள் வரையும் அடைகிடக்கும். அந்நாட்களில் அதனைத் தனியே விட்டுவிடுதலே தகும். தீனுக்கும் நீருக்கும் அது கூட்டைவிட்டுச் சிறிது நேரம் இறங்கும். முட்டைகளைப் பார்க்க விரும்புவோர் அவ்வேளையிற் பார்த்துக்கொள்ளலாம்.