12 எப்படி ‘சி’ ஆகிறது?

பிஎல்சி என்ற தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் 2748 என்பது வெறும் பிட் வரிசை. மோட்பஸ் ஆஸ்கி என்ற தொடர்பு நெறிமுறையில் அனுப்ப அதை ஹெக்ஸ் (பதினாறடிமான) எழுத்துகளாக்க வேண்டும். ஏன் ஹெக்ஸ்? நான்கு பிட்டுக்குச் சரியாக ஓர் எழுத்து. வகுக்கிற வேலையே இல்லை.

கடைசி நான்கு பிட்டை மட்டும் பிரித்தால் 12. ஒன்பது வரை என்றால் 48-ஐக் கூட்டு, மேலே போனால் 55-ஐ. 12+55=67; ஆஸ்கியில் அது ‘சி’. நான்கு பிட் வலப்பக்கம் தள்ளி மறுபடி எடு: 11 ‘பி’, 10 ‘ஏ’, கடைசியில் 0. வால் முதலில் வருவதால் வலமிருந்து நிரப்பணும்: ‘0ஏபிசி’.

55-ஐ மறந்து எல்லாவற்றுக்கும் 48 போட்டால்? 10 என்பது 58 ஆகும், அதாவது முக்காற்புள்ளி. வம்பே அங்குதான்: மோட்பஸ் ஆஸ்கியில் ஒவ்வொரு செய்தியும் தொடங்குவதே முக்காற்புள்ளியில்! எதிர்முனைக் கருவி புதுச் செய்தி என்று நினைத்து, வந்த பாதியைத் தூக்கிப் போட்டுவிடும்.