சக்கரத்துக்குக் கறுப்புச் சட்டை!

கல்யாணத்துக்குக் கறுப்புப் புடவை எடுத்துப் பாருங்கள், வீட்டில் ரகளைதான். குழந்தையின் பிறந்த நாளுக்குக் கறுப்புச் சட்டை வாங்கினால் பாட்டி நெஞ்சைப் பிடித்துக் கொள்வாள். ஆனால் அதே வீட்டு வாசலில் நிற்கிற காரின் நாலு சக்கரமும் கரிக்கட்டை மாதிரி இருந்தால், 'அட, சூப்பரா இருக்கே!' என்று தெருவே சுற்றி வந்து பார்க்கிறது. கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு வளர்ந்து வளர்ந்து சக்கரம் வரை வந்துவிட்டது, ஸார்!

இது புது மோகமும் இல்லை. ஹென்றி ஃபோர்டின் மாடல் 'டி' கார், 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. நம் ஊர் மாட்டுவண்டியோ அதற்கும் சீனியர். வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்து அச்சுக்கு 'வண்டி மை' போட்டவர்கள் நாம். அது அழகுக்கு அல்ல, சக்கரம் சுலபமாக உருள. 2019-ல் டாடா ஹாரியர் கார் 'டார்க்' எடிஷன் என்று சக்கரம் உட்படக் கறுப்பில் வந்தது. சரி, கம்பெனியே செய்கிறதே, நாமும் செய்தால் என்ன?

செய்யலாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் எப்படிச் செய்கிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் உயிரே தொங்குகிறது. மிகைப்படுத்தவில்லை. இதோ...

முருகனும் நாலு நட்டும்

என் அக்கா மகன் வேலைக்குப் போன இரண்டாம் வருஷம் ஒரு பழைய கார் வாங்கினான். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. அலாய் சக்கரங்கள்தான் வெள்ளிப் பூச்சு உரிந்து, சொறி பிடித்த மாதிரி இருந்தன. "மாமா, கறுப்பு பண்ணிட்டா கெத்தா இருக்கும்" என்றான். ஊருக்கு வெளியே ஒரு கடையில், காலையில் கொடுத்தால் சாயங்காலம் ரெடி, விலையும் சல்லிசு. கொடுத்தான். வாங்கினான். போட்டோ எடுத்தான். எல்லோருக்கும் அனுப்பினான்.

அடுத்த ஞாயிறு அக்கா, அத்தான், இரண்டு குழந்தைகள் சகிதம் பழனிக்குப் புறப்பட்டான். உடுமலையை நெருங்கும்போது முன் பக்கத்திலிருந்து 'கட... கட...' என்று சத்தம். ஸ்டியரிங் ஆடுகிறது. நல்ல வேளையாக ஓரம் கட்டினான். பக்கத்து மெக்கானிக் வந்து பார்த்தால், இடது முன் சக்கரத்தின் நாலு நட்டில் இரண்டு கையால் திருகினாலே கழன்று வருகிறது!

"முருகன்தான்டா காப்பாத்துனான்" என்று அக்கா அங்கேயே கன்னத்தில் போட்டுக் கொண்டாளாம்.

மெக்கானிக் நிதானமாகச் சொன்னாராம்: "முருகன் காப்பாத்துனது சரிங்க. நட்டு உட்கார்ற எடத்துல பெயிண்ட்டை அப்புனது யாருங்க?"

விஷயம் இதுதான். சக்கரத்து நட்டு, கூம்பு வடிவமான ஒரு குழியில் போய் உட்காருகிறது. அங்கே உலோகமும் உலோகமும் நேராகக் கட்டிப் பிடிக்க வேண்டும். நடுவில் பெயிண்ட்டோ பவுடரோ இருந்தால், முடுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். வண்டி ஓட ஓட, சூட்டிலும் அதிர்விலும் அந்தப் பூச்சு நசுங்கி உதிரும். உதிர்ந்த இடம் காலி, நட்டின் பிடியும் காலி. பவுடர் பூச்சின் கனம் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான். ஒரு செய்தித்தாளின் கனம்தான். அந்தத் தாள் அளவு இடைவெளி போதும், சக்கரம் தனிக்குடித்தனம் போவதற்கு! சக்கரத்தின் முதுகு வண்டியோடு ஒட்டுகிற பரப்புக்கும் இதே கதைதான்.

அடுப்பில் வைத்த சக்கரம்

மறுபடி செய்ய வேறு பட்டறை தேடினோம். கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. பம்ப், மோட்டார் என்று ஊரே உருக்கி வார்க்கிற ஊர். அவற்றுக்குச் சட்டை போட்டுவிடும் பவுடர் கோட்டிங் பட்டறைகளும் கூடவே வளர்ந்தன. ஓனர் ஐம்பது வயதுக்காரர். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஏனுங்க, டயரைக் கழட்டாமயே அடிச்சிருக்காங்களே... இதுக்குப் பேரு பெயிண்டிங் இல்லீங்க, முலாம் பூசுறதுங்க."

பி.காம். படித்த எனக்கு டெபிட், கிரெடிட் தெரியும். பவுடர் தெரியாது (முகத்துக்குப் போடுவது தவிர). கூடவே நின்று பார்த்தேன்.

முதலில் டயர், வால்வு, பேலன்ஸ் ஈயக்கட்டி எல்லாம் கழற்றப்படும். டயரில் காற்றழுத்தம் சொல்கிற சென்ஸார் இருந்தால் அதுவும். பைக் சக்கரமென்றால் பேரிங்கும் வெளியே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பில் கிரீஸ் உருகி ஓடிவிடும். பிறகு பழைய பெயிண்ட்டை ரசாயனத்தில் ஊற வைத்தோ, மணல் போன்ற துகளைப் பீய்ச்சி அடித்தோ மொத்தமாக உரிக்கிறார்கள். அப்போதுதான் சக்கரத்தின் உண்மை முகம் தெரியும். விரிசல் இருந்தால் இங்கேயே கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். கறுப்பு பூசிவிட்டால் விரிசல் ஒளிந்து கொள்ளும். செகண்ட் ஹாண்டில் பளபளவென்று கறுப்புச் சக்கரம் சல்லிசாகக் கிடைத்தால், விற்பவரின் முகத்தை விடச் சக்கரத்தின் முதுகை நன்றாகப் பாருங்கள்.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, பூச்சு பிடித்துக் கொள்ள ஒரு ரசாயனக் குளியல். வார்ப்பு அலாயின் நுண்ணிய துளைகளில் காற்றும் எண்ணெயும் பதுங்கியிருக்கும். அதனால் பவுடர் போடும் முன்பே ஒரு தரம் சூடாக்கி வெளியேற்றுகிறார்கள். இதை விட்டால் பூச்சில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம்.

இப்போதுதான் நம் கதாநாயகன்: மறைப்பு! நட்டு உட்காரும் குழிகளுக்குச் சூடு தாங்கும் ரப்பர் அடைப்பு. முதுகுப் பரப்புக்குச் சூடு தாங்கும் டேப். இந்தப் பத்து நிமிஷ வேலையைத்தான் அந்த 'சாயங்காலம் ரெடி' கடை மிச்சம் பிடித்தது.

பிறகு துப்பாக்கி. அதிலிருந்து வருவது கறுப்பு மாவு. பிசினும் நிறமியும் சேர்த்து அரைத்த மாவு. மாவுக்கு மின்னேற்றம் கொடுத்து, சக்கரத்தை எர்த் செய்துவிட்டால், பவுடர் தானாகப் பறந்து போய் ஒட்டிக் கொள்கிறது, ஸார்! தின்னர் இல்லை, நாற்றம் இல்லை. கீழே விழுந்த மாவைச் சேகரித்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் அந்த மாவு காற்றில் அடர்ந்து, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால்தான் தூசியை உறிஞ்சும் காற்றாடி, நல்ல எர்த் எல்லாம் கட்டாயம்.

கடைசியில் அடுப்பு. சக்கரத்தின் உலோகமே சுமார் 180 முதல் 200 டிகிரி சூடாகி, பத்திருபது நிமிஷம் அதில் இருக்க வேண்டும். மாவு உருகி, வழிந்து, கெட்டியாகி ஒரே தோலாகிவிடுகிறது. தோசைக்கல் மாதிரிதான். சூடு போதாவிட்டால் ஒட்டாது, அதிகமானால் தீய்ந்துவிடும்.

"சூடு அதிகமானா என்னங்க, இன்னும் கெட்டிப்படாதா?" என்று கேட்டேன்.

"பெயிண்ட்டுக்கு ஒண்ணும் பெருசா ஆகாதுங்க. அலாய் செத்துப் போயிரும்" என்றார்.

உண்மை. பெரும்பாலான அலாய் சக்கரத்தைத் தயாரிக்கும்போதே சுமார் 540 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்து, பிறகு 150-160 டிகிரியில் சில மணி நேரம் வைத்துத்தான் அதற்கு வலு ஏற்றுகிறார்கள். ஒரு முறை 200 டிகிரியில் இருபது நிமிஷம் வைத்தால் பெரிய சேதமில்லை. பழைய பெயிண்ட்டை எரித்து எடுக்கிறேன் என்று 350, 400 டிகிரி அடுப்பில் போட்டாலோ, மணிக்கணக்கில் மறந்து விட்டாலோ, ஏற்றிய வலுவெல்லாம் இறங்கிவிடும். வெளியே பளபள, உள்ளே பலவீனம். இரும்புச் சக்கரத்துக்கு இந்தக் கவலை கிடையாது.

"வெயிலை இழுக்காதா?"

இது என் அத்தானின் சந்தேகம். வெயிலில் கறுப்பு கொஞ்சம் கூடுதலாகச் சுடும்தான். ஆனால் மலைப்பாதையில் பிரேக் அடிக்கிறபோது டிஸ்க்கில் ஏறுகிற சூடு, நூறு நூறு டிகிரியாகக் கணக்கு. அதன் பக்கத்தில் வெயில் சுண்டைக்காய். பெயிண்ட் அடித்த எந்தச் சக்கரமும், வெள்ளையே ஆனாலும், பாலிஷ் போட்ட வெறும் உலோகத்தை விடச் சூட்டை நன்றாக வெளியே விடும். கறுப்பில் இன்னொரு லாபம், பிரேக் தூசி சட்டென்று தெரியாது. நஷ்டம், செம்மண் தெருவில் போனால் ஊருக்கே தெரியும்.

பேரேடு என்ன சொல்கிறது?

இனி என் டிபார்ட்மெண்ட். நான் விசாரித்த கடைகளில் ஒரு கார் அலாய்க்குப் பவுடர் கோட்டிங் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை கேட்டார்கள். டயர் கழற்றி மாட்ட, பேலன்ஸ் செய்யத் தனி. நாலு சக்கரத்துக்குக் கூட்டிப் பார்த்தால் பர்ஸ் விம்முகிறது.

மறுபக்கம், ஸ்ப்ரே டப்பா ஒன்று சில நூறு ரூபாய்தான். பிரைமர், கறுப்பு, மேலே கிளியர் என்று மூன்றும் வாங்கி, உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து, மெல்லிய கோட்டாக மூன்று நான்கு தரம் அடித்தால் இரும்புச் சக்கரத்துக்கு அழகாகவே வரும். ஒரே தடவையில் அப்பினால் ஒழுகும். டப்பா பெயிண்ட் கல்லடியையும் பெட்ரோல் துளியையும் அவ்வளவாகத் தாங்காது. பட்டறையில் ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட் கெட்டி, ஆனால் அந்தப் புகையில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக் கொண்டு அடிக்கிற பெயிண்டர் தம்பிகளைப் பார்த்தால், தயவு செய்து சரியான மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

ஆகக் கணக்கு இப்படி: இரும்புச் சக்கரமா, வண்டியை இரண்டு வருஷத்தில் விற்பீர்களா? டப்பா போதும். அலாயா, வெகுகாலம் ஓட்டுவீர்களா? பவுடர். புல்லட் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: கம்பிச் சக்கரமென்றால் ஸ்போக்ஸ் முழுக்கப் பிரித்து, குரோம் முலாமை எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். பிறகு கோட்டம் எடுத்துத் திரும்பக் கட்டத் தெரிந்த கை வேண்டும்.

எதுவானாலும் ஒரு செலவு மட்டும் இலவசம். சக்கரத்தை மாட்டியபின் நட்டுகளை எதிரெதிராக, வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் முடுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தரம் சரிபாருங்கள். என் அக்கா மகன் இப்போது சீட் கவர் வாங்க வைத்திருந்த பணத்தில் டார்க் ரென்ச் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறான். கோயிலுக்குப் புறப்படும்போது அக்கா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறாள், அவன் ரென்ச் வைக்கிறான். இரண்டுக்கும் சண்டையில்லை.

பட்டறைக்குப் போனால் விலையைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் ஒரே ஒரு கேள்வி: "நட்டு உட்கார்ற இடத்தை மறைச்சுட்டுத்தானே அடிப்பீங்க?"

"எதுக்கு சார் அதெல்லாம்?" என்று பதில் வந்தால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்... நட்டெல்லாம் டைட்டாக இருக்கும்போதே!