பாய்மரப் பலகை வாங்குமுன்

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளுக்கு நடுவே அமைந்தது என் ஊராகிய செஞ்சி. இங்கே கடல் இல்லை. புதுச்சேரிக் கடற்கரையை அடையச் சாலை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆயினும், பாய் விரித்து நீரின்மேல் நின்றபடியே விரையும் பாய்மரப் பலகை விளையாட்டில் இவ்வூர் மாணவர் சிலருக்கு ஆவல் பிறந்திருக்கிறது. புதிய பலகை வாங்குவதாயின் எதைக் கண்டு தேர்வது என்று அவர்கள் என்னைக் கேட்கிறார்கள்.

நம் நாட்டவருக்கு இவ்விளையாட்டு எட்டாதது என்று எண்ண வேண்டுவதில்லை. 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பாய்மரப் பலகைப் பிரிவில் இபாத் அலி என்னும் இந்திய இளைஞர் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஆனால், நம் செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் சக்கரக்குளத்திலும் செட்டிக்குளத்திலும் பலகையை மிதக்கவிட எண்ணாதீர்கள். அவை 2025இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட கோட்டையின் பகுதிகள். பயிற்சிக்கு உரிய இடம் வேறு.

முதலில் இச்சாதனத்தின் அமைப்பை அறிந்துகொள்வோம். மிதக்கும் பலகை ஒன்று, அதன்மீது பாய்மரம், பாயைப் பிடித்துக்கொள்ளக் குறுக்குத் தண்டு. மரத்தின் அடியில் எத்திசையிலும் வளைந்து கொடுக்கும் மூட்டு ஒன்று உண்டு. இதுவே இச்சாதனத்தின் உயிர்நாடி. இதற்குச் சுக்கான் இல்லை. பாயை முன்பக்கம் சாய்த்தால் பலகை காற்றினின்று விலகித் திரும்பும். பின்பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். 1968இல் அமெரிக்கரான ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் இதற்குக் காப்புரிமை கோரினர். ஆனால், இங்கிலாந்தில் பீட்டர் சில்வர்ஸ் என்னும் 12 வயதுச் சிறுவர் 1958இலேயே இத்தகைய பலகை ஒன்றைத் தம் கையாற் செய்து ஓட்டியிருந்தார். பின்னர் அந்நாட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 1984ஆம் ஆண்டு இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம் பெற்றது.

இனித் தேர்வுக்கு வருவோம். கடையில் பலகையின் அழகையும் வண்ணத்தையும் நோக்குமுன், அதன்மேல் எழுதப்பட்டிருக்கும் லிட்டர் கணக்கை நோக்குங்கள். அது பலகையின் கன அளவு. ஆர்க்கிமிடீஸின் விதியை நீங்கள் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ எடையைத் தாங்கும். உப்பு நீர் சற்றே கூடுதலாகத் தாங்கும். ஒரு மாணவரின் எடை 55 கிலோ, பலகை 12 கிலோ, பாயும் மரமும் 9 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 76 கிலோ. 76 லிட்டர்ப் பலகையில் அவர் ஏறினால், அது ஏரி நீரில் முற்றும் அமிழ்ந்து நிற்கும். தேர்ந்த வீரர் அத்தகைய சிறு பலகையை வேகத்தின் விசையால் மேலே எழுப்பி ஓட்டுவார். கற்பவரோ அடிக்கடி விழுந்து, மீண்டும் ஏறி நின்று, நீரிற் கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுத்துத் தூக்க வேண்டியவர். அவருக்கு அந்தக் கணக்கைப்போல் இரு மடங்கு, அதாவது 150 லிட்டரோ அதற்கு மேலோ வேண்டும். அகலமும் மிகுந்திருக்க வேண்டும். அகன்ற பலகை எளிதிற் புரளாது. பாய் சிறிதாயிருப்பதே நன்று.

இரண்டாவது செய்தி, காற்று. கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் நம் முன்னோர் பெயரிட்டனர். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்துக் காலை வேளைகளில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது இயல்பு. பிற்பகலில்தான் கடற்காற்று கரை நோக்கித் திரும்பும். காலையில் கரையோரக் கடல் அமைதியாகக் காட்சி தரும். அதை நம்பி இறங்குகிற புதியவரைக் காற்று சிறிது சிறிதாக வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே, நடுவில் நீருக்குள் இறக்கக்கூடிய செங்குத்துப் பலகை பொருத்தப்பட்டதையே தொடக்கத்தில் வாங்குங்கள். அது பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படுவதைக் குறைத்து, காற்றுக்கு எதிர்ப்புறம் உள்ள கரைக்கும் வளைந்து வளைந்து திரும்ப உதவும். காற்று அடங்கிப்போனால், போதிய கன அளவுள்ள பலகையே உங்கள் தெப்பம். உயிர்காப்புச் சட்டை அணிந்து, எது நேரினும் அதைக் கைவிடாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, செய்பொருள். நம் மீனவர் இலேசான மரங்களைத் தேர்ந்து கட்டுமரம் கட்டினர். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர்த்தினர். நீர் ஊறிய மரம் கனக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். இன்றைய பலகைகள் பலவற்றின் உள்ளே இலேசான நுரைப்பொருளும், வெளியே கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த ஓடும் இருக்கின்றன. அவ்வோட்டில் விரிசல் விழுந்தால் அதே கதைதான். உள்ளே நீர் புகுந்து பலகை கனத்துவிடும். கரி இழை ஓடு மிக இலேசானது. ஆனால் விலை மிகுதி, மோதலையும் தாங்காது. பிளாஸ்டிக் ஓடு கனமானது. எனினும் அடிபடத் தாங்கும். கற்பவருக்கு உறுதியே முதன்மை. செஞ்சி மாணவருக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. மூன்று மீட்டர் நீளப் பலகையைப் பேருந்தில் எவ்வாறு ஏற்றுவது? காற்றடைத்துப் பயன்படுத்திப் பின் சுருட்டி வைக்கும் பலகைகளும் இப்போது கிடைக்கின்றன. வேகம் சற்றுக் குறைந்தாலும் நம் நிலைக்கு அவை ஏற்றவை.

பணம் கொடுக்குமுன் மூட்டின் ரப்பரை வளைத்துப் பாருங்கள். பின்புறத்தில் மீனின் துடுப்பைப் போல் இருக்கும் தகடு இறுக நிற்கிறதா என்று காணுங்கள். இவை தேய்ந்தால் மாற்று உறுப்புகள் கிடைக்குமா என்று கேளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, நீந்தக் கற்று, பயிற்சி நிலையத்தின் பலகையில் சில நாள் பழகிய பின்னரே சொந்தமாக வாங்குங்கள். பெற்றோர் அரும்பாடுபட்டு ஈட்டிய பணம் அது. பதக்கம் வென்றவரின் பலகை அவருடைய எடைக்கும் அவர் திறமைக்கும் உரியது. உங்கள் எடை, உங்கள் நீர்நிலை, உங்கள் காற்று ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.