ஒளிபரப்பை நிறுத்தாமல் செய்தி அறை கட்டுவது

செய்தித் தொலைக்காட்சியின் கட்டடத்தை விரிவாக்கும்போது, உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு வேலை பார்க்க முடியாது. சுவர் இடிபடும் நாளிலும் மணிக்கொரு செய்தி போயாக வேண்டும். கடப்பாரைச் சத்தத்துக்குக் கிடைப்பது இரண்டு செய்தி நேரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் காலத்துச் செய்திப்படம் ஃபிலிமில் எடுக்கப்பட்டு, கழுவி, வெட்டி ஒட்டப்பட்ட பிறகே திரைக்கு வந்தது. சில மேசைகளும் ஓர் ஒளிப்பதிவுக் கூடமும் போதுமாக இருந்தன. 1993-இல் சன் டிவி வந்தது. 2011-இல் வந்த புதிய தலைமுறை போன்ற சேனல்கள் நாள் முழுக்கச் செய்தி தந்தன. ஒரே மேசையில் மூன்று ஷிப்டு ஆட்கள் மாறி மாறி உட்காரும் நிலையில் பழைய கட்டடங்கள் திணறின.

இடம் எதற்குத் தேவை என்பதைத் திருவண்ணாமலை தெளிவாகக் காட்டும். கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் காட்சி தருவது சில நிமிடங்களே. அதே வேளையில் 2,668 அடி மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படும். இரண்டு இடத்துக் கேமராக் காட்சிகளும் ஒரே நேரலையில் சேர்ந்தாக வேண்டும். லட்சக்கணக்கான பக்தர்களின் கைபேசிகளால் நெட்வொர்க் நெரியும் என்பதால், சிம் கார்டில் இயங்கும் பேக்பேக் கருவியை மட்டும் நம்பாமல் செயற்கைக்கோள் வேனையும் நிறுத்துகிறார்கள். 2024 டிசம்பர் 1 அன்று அதே மலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. டிசம்பர் 13 அன்று தீபம். துயரச் செய்தியும் திருவிழா நேரலையும் வந்து சேர்வது ஒரே செய்தி அறைக்குத்தான். வெளிச் சிக்னல்களை வாங்கிப் பதிவு செய்யும் பகுதி குறுகலாக இருந்தால், களத்தில் எத்தனை கேமரா இருந்தும் பயனில்லை.

ஆகவே வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது சிக்னல் வரும் பாதை. செய்தி ஆசிரியர், படத்தொகுப்பாளர், கட்டுப்பாட்டு அறை மூவரும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். தரையை உயர்த்தி அதனடியில் கேபிள் ஓட்டுவார்கள். யுபிஎஸ், ஜெனரேட்டர் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. சத்தம் புகாமலிருக்க ஸ்டூடியோவுக்கு இரட்டைக் கதவு. ஏசி காற்று இரைச்சலின்றி மெதுவாக வர அகலமான குழாய். சத்தம் தரைக்கு அடியிலிருந்தும் வரலாம்: லண்டனில் பிபிசியின் 1932-ஆம் ஆண்டுக் கட்டடத்துக்கு அடியில் சுரங்க ரயிலின் உறுமல் கேட்கும். அதை ஒட்டி எழுந்த புதிய கட்டடத்துக்கு 2013-இல் செய்திப் பிரிவு குடிபெயர்ந்தது.

அங்கே செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் செய்தி அறையே தெரியும். அந்த அழகைப் பல நிலையங்கள் விரும்புகின்றன. ஆனால் கண்ணாடிச் சுவருக்காகச் செய்தி எழுதுபவரின் மேசையைச் சுருக்குவது தவறு. இரவு ஷிப்டில் அவர் தலை சாய்க்க ஓர் அறை கண்ணாடிச் சுவரைவிட முக்கியம்.

புதிய கட்டுப்பாட்டு அறை தயாரானதும், ஒளிபரப்பாகாத ஒத்திகைச் செய்திகளை நடத்திப் பார்ப்பார்கள். பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்தே ஓடும். பார்ப்பவர்கள் குறைந்த நள்ளிரவு கடந்த நேரத்தில் சிக்னல் புதிய அறைக்கு மாற்றப்படும். ஏதாவது தடுமாறினால் திரும்பிச் செல்ல, பழைய அறையை உடனே பிரிக்காமல் வைத்திருப்பார்கள்.