இரு வழிகளும் ஒரே பூதமும்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுக்குப் பலகையும் காய்களும் இன்றியமையாதவை அல்ல. நடுவர் சூழலை விரித்துரைப்பார். ஆடுவோர் தத்தம் மாந்தரின் செயலை மொழிவர். முடிவு ஐயத்திற்குரியதாயின் பகடை உருளும். இங்கே ஆடுவோரின் விருப்பத்திற்கு மெய்யான வலிமை உண்டா என்னும் வினாவைச் சுவை பற்றிய பேச்சாக விட்டுவிட வேண்டுவதில்லை, அளந்தே பார்க்கலாம்.

குகையொன்றில் வழி இரண்டாகப் பிரிகிறது. எவ்வழிச் சென்றாலும் அதே பூதத்தை எதிரே நிறுத்துவதென நடுவர் முன்னரே முடிவு செய்திருக்கிறார். ஆட்டக்காரர் இதனைக் 'குவாண்டம் பூதம்' என்பர், இயற்பியலார் பொறுத்தருள்க. 1948-இல் கிளாட் ஷானன் வகுத்த தகவற் கோட்பாட்டின்படி, ஒன்றை அறிவதால் மற்றொன்றைப் பற்றிய ஐயம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவே அவற்றிடையே உள்ள தகவல். இங்கோ, தேர்ந்த வழியை அறிந்தும் விளைவைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. தகவல் சுழியம். வழிகள் வெவ்வேறிடம் சேர்ப்பனவாயின், சமவாய்ப்புள்ள அத்தேர்வு, தகவலின் அலகான பிட் ஒன்றின் அளவு உலகை வரையறுக்கும்.

அந்த ஒரு பிட்டும் போதாது. வழிகளைப் பற்றி ஏதும் அறியாதவர் தேர்வது காசைச் சுண்டுவதற்கு ஒப்பாகும். இடப்புறம் புகை நாறுகிறது, வலப்புறம் நீரோசை கேட்கிறது என நடுவர் சொன்ன பின்னரே எண்ணிப் பார்க்க ஏதேனும் உண்டு. முதலில் உலகிலிருந்து ஆடுவோரிடமும், பின்னர் அவரிடமிருந்து உலகிற்கும் தகவல் பாய வேண்டும். நடுவர் பலர் பின்னதைக் காக்கும் முனைப்பில் முன்னதை மறக்கின்றனர் என்பேன்.

ஆடுவோர் தம் விருப்பால் உலகை மாற்றும் இவ்வுரிமை திட்டமிட்டுப் பிறந்ததன்று. 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நெப்போலியன் காலப் போர் விளையாட்டொன்றை நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஊரின் மாந்தரை ஆளுக்கொருவராகப் பகிர்ந்தளித்தார். அவர்களோ தமக்குள் மறைவாகப் பேசி, அவர் எண்ணாத செயல்களில் இறங்கினர். ஆட்டம் குலைந்ததென வெஸ்லி கருத, ஆடியவர்கள் மீண்டும் வேண்டுமென்றனர். அக்குழுவின் டேவ் ஆர்னெசன் 'பிளாக்மூர்' என்னும் உலகைப் படைத்தார். அவரும் கேரி கைகாக்ஸும் இயற்றிய, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் வெளிவந்தது.

பகடை, விருப்பத்திற்குப் பகையன்று. வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' (2010) ஆட்டத்தில் அறுமுகப் பகடை இரண்டின் கூட்டுத்தொகை 10 எட்டினால் முழுவெற்றி. 7 முதல் 9 வரையாயின் விலையோடு கூடிய வெற்றி. பல வேளைகளில் எதை இழப்பதென ஆடுபவரே தேர வேண்டும். 36 சேர்க்கைகளில் 15 இவ்விடைநிலைக்கே உரியவை. முழுவெற்றிக்கு 6 மட்டுமே. திறன் எண்ணாக 3-ஐக் கூட்டிக்கொள்பவருக்கோ இடைநிலை 12 ஆகச் சுருங்க, முழுவெற்றி 21 ஆகப் பெருகும். வல்லவரை இக்கட்டான தேர்வுகள் அத்துணை நெருக்குவதில்லை.