மூக்கில்லாத மொபெட்!

பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் பத்து கிலோமீட்டர் போல வரும். காலை ஒன்பது மணிக்கு இறச்சகுளம், புத்தேரி, வடசேரி என்று அந்த ரோட்டில் போகிற மொபெட்களைப் பார்க்க வேண்டும். முன்னால் வாழைக்குலை, பின்னால் மனைவி, ஹாண்டிலில் டிபன் பாக்ஸ். ஐம்பது சிசி எஞ்சினை நம்பி ஒரு குடும்பமே ஊர்வலம் போகும்!

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. அப்பா வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட். பத்தொன்பது வருஷம் நெல் மூட்டையும் உர மூட்டையும் சுமந்தது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சை மண்ணெண்ணெயில் கழுவுவார். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் நான், 'இது என்ன சாமி குளிப்பாட்டும் சடங்கா?' என்று சிரிப்பேன்.

அந்தச் சிரிப்புக்கு விலை பிறகு தெரிந்தது.

வண்டி என் கைக்கு வந்த சில மாதத்தில் ஃபில்டர் டப்பா விரிசல் விட்டது. பழைய மாடல், கடை கடையாய் ஏறியும் பார்ட் கிடைக்கவில்லை. சரிதான் போ என்று டப்பாவையே கழற்றி எறிந்தேன். என்ன ஆச்சரியம்! வண்டி பறந்தது. சத்தம் வேறு புல்லட் மாதிரி! ஆபீஸ் வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தூசி போகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், சமையலறையிலிருந்து அம்மாவின் டீ வடிகட்டியை எடுத்துக் கார்புரேட்டர் வாயில் கம்பி போட்டுக் கட்டினேன். 'கஸ்டம் ஃபில்டர்' என்று பெயரும் வைத்தாயிற்று.

மூன்றாவது வாரம் புத்தேரி குளத்துப் பக்கம் முழு வேகத்தில் போகும்போது 'க்றீச்...' பின் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. நான் மட்டும் கொஞ்ச தூரம் போய் நின்றேன்!

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வடிகட்டியை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"என்ன மக்கா, வண்டிக்கு மூக்க அறுத்துட்டு டீ போட்டுக் குடுத்தியோ?"

"காத்து நல்லாப் போகட்டும்னுதான் அண்ணாச்சி..."

"காத்து போச்சு. அது கூட வந்த மண்ணையும் பாத்துக்கோ!" என்று பிஸ்டனை என் கையில் வைத்தார். பூனை பிறாண்டிய மாதிரி நெடுக்கக் கீறல்.

நான் பி.காம். எனக்கு எதுவும் வரவு-செலவாகச் சொன்னால்தான் புரியும். அப்படியே பார்ப்போம். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 9,000 லிட்டர் காற்று! சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றுதான் இழுக்கிறான். 50 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 5,000 சுற்றில் ஓடினால், ஏட்டுக் கணக்கில் நிமிடத்துக்கு 250 லிட்டர். இத்தனையும் நம் ஊர்க் காற்று. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாய்கிற காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றப் போகிற வழியில் நம் கண்ணில் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். அறுப்புக் காலத்தில் வைக்கோல் தூசி உபரி.

புது எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமுடி தடிமன்கூட வராது. அதில் மண் புகுந்தால் உப்புத்தாள் வேலைதான். டூ ஸ்ட்ரோக்கில் காற்று முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே வரும். அதனால் பேரிங்குக்கும் சேர்த்துப் பங்கு கிடைக்கும்.

ஆனால் மண் மட்டும் வில்லன் இல்லை. மூன்றே வாரத்தில் எஞ்சின் பிடித்ததற்கு முக்கியக் காரணம் வேறு என்றார் அண்ணாச்சி. கார்புரேட்டரில் இருக்கும் ஜெட்டின் துளையை, ஃபில்டர் காற்றைத் தடுக்கும் அளவையும் சேர்த்தே கணக்குப் பண்ணி வைத்திருப்பார்கள். ஃபில்டரை எடுத்ததும் காற்று கூடுகிறது, பெட்ரோலின் பங்கு குறைகிறது. எரிப்புச் சூடு ஏறுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு வரவு, ஆயில் பற்று! நான் 'பிக்கப்' என்று குஷிப்பட்டது, எஞ்சின் ஜுர வேகத்தில் ஓடியது.

"அப்ப டப்பா கிடைக்காதவன் என்னதான் செய்ய?" என்றேன்.

"செய்யலாம் மக்கா. செய்யுத விதமா செய்யணும், கேட்டியா?"

செய்து காட்டினார். ஒரு தகர டப்பா. கார்புரேட்டர் வாயைவிடப் பல மடங்கு பரப்பு உள்ள நுரைப்பஞ்சு. மெத்தைப் பஞ்சோ பாத்திரம் தேய்க்கும் பஞ்சோ அல்ல. அவை பெட்ரோல் பட்டுப் பொடிந்து எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். ஃபில்டருக்கென்றே விற்கும் பஞ்சு. அது உள்ளே உறிஞ்சப்படாமல் இருக்கப் பின்னால் ஒரு கம்பி வலை. டூ ஸ்ட்ரோக் மூச்சு விடும்போது கொஞ்சம் பெட்ரோல் ஆவியைத் திருப்பித் துப்பும். அதற்காகப் பஞ்சுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் காலி இடம். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. அதனால் டப்பாவின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்து. பிறகு பஞ்சை ஆயிலில் முக்கி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து மாட்டினார். தூசியைப் பிடிப்பதில் பாதி வேலை அந்த ஆயில் பிசுக்குடையது. மூட்டு ஓரமெல்லாம் கிரீஸ்.

சரிபார்க்க இரண்டு சோதனை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தி, ஆறிய பிறகு ப்ளக்கைக் கழற்றுங்கள். நுனி டீ நிறத்தில் இருந்தால் கணக்கு டாலி. வெள்ளை என்றால் காற்று அதிகம்; ஒரு சைஸ் பெரிய ஜெட் மாற்ற வேண்டும். ஊசியால் ஜெட்டைக் குத்திப் பெரிதாக்கும் கைவேலை வேண்டவே வேண்டாம். கரிக் கறுப்பு என்றால் காற்று போதவில்லை. அடைத்த ஃபில்டரும் இதைத்தான் செய்யும், மைலேஜையும் தின்னும். இரண்டாவது சோதனை: ஒரு வாரம் கழித்து ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் விரலை விட்டுத் துடையுங்கள். மண் ஒட்டினால் எங்கோ ஓட்டை.

1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து நம் ஊர்களில் மொபெட்தான் ஏழையின் லாரி. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக். 2020-ல் பி.எஸ். 6 விதி வந்தபிறகு பெட்ரோலை அளந்து ஊற்றக் கம்ப்யூட்டரே உட்கார்ந்திருக்கிறது. காற்று கொஞ்சம் கூடிக் குறைந்தால் அது சமாளிக்கும். ஆனால் மண்ணை வடிகட்டக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது! உங்கள் வண்டியில் காகித ஃபில்டர் இருந்தால் கழுவாதீர்கள். கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள்.

போர், பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் நல்ல பகுதி போயிற்று. அப்பா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பழைய பிஸ்டனை வாங்கி, கீறலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தது நான். பேப்பர் படித்தது அவர்.

டீ வடிகட்டி? அதை அண்ணாச்சி ஒர்க்‌ஷாப் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். ஃபில்டரைக் கழற்றலாமா என்று கேட்டு வருகிற பையன்களுக்கு வாயைத் திறக்காமல் அதைக் கை காட்டுகிறாராம்.

அம்மா இன்னும் டீயைத் துணியில்தான் வடிகட்டுகிறாள். புதுசு வாங்கித் தந்தால் வேண்டாமாம். "எதுக்கு? நாளைக்கு ஸைலன்ஸருக்கு வேணும்னு தூக்கிட்டுப் போவ!"