பூக்காத ஆண்டுகளின் குறிஞ்சி

தமிழ் எம்.ஏ. படித்த எனக்குக் குறிஞ்சி முதலில் திணை, அப்புறம்தான் செடி. ஒரு ஹெர்பேரியத் தாளைப் பார்த்த பிறகு இந்த வரிசை கலைந்துபோயிற்று.

சுமார் 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலத்தில் கெட்டித்தாள். அதில் அழுத்திக் காயவைத்த செடி. கீழ்மூலையில் ஒரு சீட்டு: பெயர், குடும்பம், இடம், உயரம், நாள், சேகரித்தவர், சேகரிப்பு எண். அவ்வளவுதான் பிரதி. பெயர் மாறினால் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. புதியதைப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். 1832இல் நீஸ் என்ற ஜெர்மானியர் பிளீபோஃபில்லம் குந்தியானம் என்று பெயரிட்டார். பிறகு அது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா ஆயிற்று. திருத்தங்களை மறைக்காத பிரதி. நம் பதிப்பாசிரியர்கள் கவனிக்கலாம்.

ஃபூக்கோவைப் படித்துவிட்டு இதைத் தொடுகிறவனுக்கு வேலை சுலபம். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் ராபர்ட் வைட் போன்ற கம்பெனி டாக்டர்களின் பெயர் இருக்கும். வழிகாட்டியவர், கூடை சுமந்தவர், உள்ளூர்ப் பெயரைச் சொன்னவர் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். வைட்டுக்குப் படம் வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் பெயரோடு மிஞ்சியது விதிவிலக்கு. அதிகாரம், பெயரிடல், மௌனம் என்று எழுதி, கட்டுரை முடிந்தது என்று எழுந்துவிடலாம்.

ஆனால் முடியவில்லை. குறிஞ்சி 12 ஆண்டுக்கொருமுறை கூட்டமாகப் பூக்கிறது: 1982, 1994, 2006, 2018. அடையாளம் காணப் பூ வேண்டும். ஆகவே சேகரிப்பவர்கள் பூத்த செடியையே தேடுகிறார்கள். பதிவுகள் அந்த ஆண்டுகளில் குவிகின்றன, நடுவில் வெறுமை. ஆனால் அந்தப் பதினோரு வருஷமும் செடி அங்கேதானே நிற்கிறது? பதிவு இல்லை என்பதைச் செடி இல்லை என்று வாசித்தால் மலைச்சரிவு 'தரிசு' ஆகிவிடும். நீலகிரியிலும் பழனிமலையிலும் புல்வெளிகளைத் தரிசென்றுதான் வாசித்தார்கள். அப்புறம் வாட்டிலும் யூகலிப்டஸும் வந்து நிரம்பின.

இன்றைக்கு அதே காலனியத் தாள்தான் நமக்குச் சாட்சி. இன்ன சரிவில் இன்ன நாளில் இது பூத்தது என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? மலைவாசிகளின் நினைவை அலுவலகங்கள் எளிதில் ஆவணமாக ஏற்பதில்லை. தாளைக் கட்டுடைத்துத் தூக்கியெறிந்தால் லாபம், மனை போட்டு விற்கிறவனுக்குத்தான்.

எனவே நான் கேட்பது இரண்டு வாசிப்பையும் சேர்த்துச் செய்வதை: எழுதியதைச் சாட்சியாக, எழுதாததைக் கேள்வியாக. அடுத்த பூப்பு 2030இல். அப்போது எழுதப்போகிற சீட்டில் வழிகாட்டியவர் பெயருக்கும் ஒரு வரி விடுங்கள் என்று இப்போதே கேட்டுவைக்கலாம்.